காப்பியின் பேரில்

(கும்பகோணத்தில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற பொதுமருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கும்பகோணத்துக்கு வந்து காப்பியைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலைதான். காப்பி எப்படிப் போட வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. டிகிரி காப்பி என்ற பெயர் பாலை டிகிரி பார்த்து வாங்கியதால் வந்ததா, சிக்கரி என்ற சொல் மருவி வந்ததா என்ற வழக்கிலும் தலையிட மாட்டேன். அதைப் பேசினால் இன்று ராத்திரி ஊர் போய்ச் சேர முடியாது. நான் பேச வந்தது உடம்புக் கணக்கு.

முப்பத்தெட்டு வருஷம் வைத்தியம் பார்த்தேன். சாராயம் நல்லதா கெட்டதா என்று என்னிடம் ஒருவர்கூடக் கேட்டதில்லை. தெரிந்துதான் குடித்தார்கள். காப்பியைப் பற்றித்தான் கேட்டார்கள். ஊசி போட்டு, சீட்டு எழுதி, கதவு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து, “டாக்டர், காப்பி குடிக்கலாமா?” என்பார்கள். நான் சொன்ன பதில் இந்த முப்பத்தெட்டு வருஷத்தில் தலைகீழாக மாறிவிட்டது. ஆரம்பத்தில் “குறைத்துக்கொள்ளுங்கள்” என்றேன். ஓய்வு பெறும்போது “தாராளமாகக் குடியுங்கள், ஆனால்…” என்று இழுத்தேன். அந்த ‘ஆனால்’தான் இன்றைய பேச்சு.

நம் முன்னோர்களும் இதே வழக்கை நடத்தியிருக்கிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி தமிழ் வீடுகளுக்குள் நுழைந்தபோது, நீராகாரம் போய் இந்தக் கறுப்புத் தண்ணீர் வந்துவிட்டதே, குடும்பம் உருப்படுமா என்று எழுதினார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ படித்தவர்களுக்கு அந்தக் கதை தெரியும். அவர்கள் சந்தேகப்பட்டது ஒழுக்கத்தின் பேரில். நாங்கள் டாக்டர்கள் சந்தேகப்பட்டது அறிவியலின் பேரில். இரண்டுமே பாதி தப்பு.

1981-ல் நான் மருத்துவக் கல்லூரி மாணவன். அந்த வருஷம் ஹார்வர்டிலிருந்து பிரையன் மக்மஹோன் என்ற பெரிய ஆராய்ச்சியாளரின் குழு ஒரு கட்டுரை வெளியிட்டது. கணையப் புற்றுநோய் வந்த 369 பேரையும், அது இல்லாத 644 நோயாளிகளையும் விசாரித்தார்கள். புற்றுநோய்க்காரர்கள் அதிகம் காப்பி குடித்திருந்தார்கள். உலகமே கோப்பையைக் கீழே வைத்தது. எங்கள் விடுதியில் ஒருவன் மட்டும் வைக்கவில்லை. செத்தால் காப்பியால் சாகிறேன் என்றான். அவன் இன்றும் நன்றாக இருக்கிறான், தாத்தாவாகிவிட்டான். ஆனால் அது ஆதாரம் ஆகாது.

அந்த ஆய்வில் எங்கே சறுக்கியது என்று பின்னால் தெரிந்தது. ஒப்பிடுவதற்காக எடுத்துக்கொண்ட அந்த 644 பேர் யார்? அதே வயிற்று மருத்துவர்களிடம் வேறு நோய்களுக்காக வந்தவர்கள். அவர்களில் பலருக்கு வயிற்றுக் கோளாறு. நெஞ்செரிச்சல் இருக்கிறவன் என்ன செய்வான்? முதலில் காப்பியைக் குறைப்பான். ஆக, புற்றுநோய்க்காரர்கள் அதிகம் குடித்தார்கள் என்று தோன்றியதற்குப் பெரிய காரணம், ஒப்பிடப்பட்டவர்கள் குறைத்துக் குடித்ததுதான். அளவுகோலே வளைந்திருந்தது. பிறகு வந்த ஆய்வுகளில் அந்தத் தொடர்பு நிற்கவில்லை.

இன்னொரு குற்றவாளி சிகரெட். பெட்டிக்கடை வாசலில் நிற்பவரைப் பாருங்கள். ஒரு கையில் கண்ணாடி டம்ளர், இன்னொரு கையில் புகை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அதே காட்சிதான். நிறையக் காப்பி குடித்தவர்கள் நிறையப் புகைத்தவர்களாகவும் இருந்தார்கள். 1991-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் காப்பியை, சிறுநீர்ப்பையில் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் சேர்த்தது. 25 வருஷம் காப்பி அந்தப் பட்டியலில் இருந்தது. 2016-ல் 23 அறிஞர்கள் கூடி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதை அங்கிருந்து எடுத்தார்கள். கல்லீரல், கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்கள் காப்பி குடிப்பவர்களிடம் குறைவாகவே காணப்படுகின்றன என்றும் சேர்த்துச் சொன்னார்கள்.

புகையின் பழி எப்படிக் காப்பியின் பேரில் விழுந்தது என்பதை 2012-ல் வந்த ஓர் ஆய்வு அப்பட்டமாகக் காட்டியது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம், 50 முதல் 71 வயது வரையுள்ள நாலு லட்சம் பேரை, 1995 முதல் 2008 வரை தொடர்ந்து கவனித்தது. முதல் கணக்கில் காப்பி குடித்தவர்கள்தான் அதிகம் இறந்திருந்தார்கள். புகைப்பழக்கத்தைக் கணக்கில் சேர்த்துத் திரும்பப் பார்த்தபோது விடை புரண்டது. நாளைக்கு நாலைந்து கோப்பை குடித்த ஆண்களுக்கு மரண ஆபத்து 12 சதவீதம் குறைவு, பெண்களுக்கு 16 சதவீதம் குறைவு. அதே ஆட்கள், அதே காப்பி. சிகரெட்டைத் தனியே பிரித்துவைத்தவுடன் கதை மாறிவிட்டது.

சரி, நன்மை என்றால் எதில்?

முதலில் கல்லீரல். நான் அதிகம் நம்புவது இதைத்தான். கலிபோர்னியாவில் ஆர்தர் கிளாட்ஸ்கி என்ற இதய மருத்துவரின் குழு 1,25,580 பேரின் பதிவுகளைப் பார்த்து 2006-ல் எழுதியது. நாளுக்கு ஒரு கோப்பை காப்பி கூடக்கூட, மதுவால் கல்லீரல் சுருக்கம் வரும் ஆபத்து 22 சதவீதம் குறைகிறது. தேநீரில் அது தெரியவில்லை. உடனே யாரும், அப்படியானால் ராத்திரி அதைக் குடித்துவிட்டுக் காலையில் இதைக் குடித்தால் சரியாகிவிடுமே என்று கணக்குப் போட வேண்டாம். (சிரிப்பு) சிரிக்காதீர்கள், என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

அடுத்தது பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதம். ஹவாய் தீவில் ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் 8,004 பேரை முப்பது வருஷம் தொடர்ந்தார்கள். காப்பியே தொடாதவர்களுக்கு இந்த நோய் வந்த விகிதம், மிக அதிகமாகக் குடித்தவர்களைப்போல் ஐந்து மடங்கு. இங்கே வேலை செய்வது காஃபீன்தான் என்று தோன்றுகிறது. காஃபீன் நீக்கிய காப்பியில் இந்தப் பலன் தென்படவில்லை. ஆனால் நோய் வந்தவர்களுக்குக் காஃபீனை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தபோது நடுக்கம் குறையவில்லை. அந்த முடிவு 2017-ல் வந்தது. வருமுன் காப்பதும் வந்தபின் தீர்ப்பதும் வேறு வேறு சங்கதி.

மூன்றாவது, நம் ஊருக்கு மிக நெருங்கிய விஷயம், சர்க்கரை நோய். 2002-ல் நெதர்லாந்தில் 17,111 பேரைப் பார்த்தார்கள். தினம் ஏழு கோப்பைக்குக் குறையாமல் குடித்தவர்களுக்கு, இரண்டு கோப்பைக்கு மேல் போகாதவர்களைவிடப் பாதிதான் நோய் வாய்ப்பு. பிறகு பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கைத் தொகுத்தபோதும் அதே திசைதான். இங்கே காஃபீன் நீக்கிய காப்பிக்கும் பலன் தெரிந்தது. எனவே கொட்டையில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் போன்ற வேறு பொருள்களுக்கு இதில் பங்கு இருக்கலாம் என்கிறார்கள்.

இவை எல்லாம் மக்கள் கூட்டத்தைத் தொடர்ந்து பார்த்துச் சொன்ன ஆய்வுகள். யாருக்கும் இருபது வருஷம் கட்டாயப்படுத்திக் காப்பி புகட்டிப் பார்க்க முடியாதல்லவா? காப்பி குடிக்க முடிகிற அளவுக்கு ஆரோக்கியமாக இருப்பவர்கள்தான் குடிக்கிறார்கள் என்ற சந்தேகம் எப்போதும் நிற்கும். கோபன்ஹேகனில் மரபணுவை வைத்து இந்தச் சந்தேகத்தைச் சோதித்தார்கள். காப்பியை அதிகம் நாடச் செய்யும் மரபணு உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் குறைவாக வரவில்லை. ஆகவே “காப்பி சர்க்கரை நோயைத் தடுக்கும்” என்று தலைப்புப் போடுகிற பத்திரிகை நண்பர்கள் ஒரு ‘கூடும்’ சேர்த்துக்கொண்டால் புண்ணியம்.

அந்தத் தலைப்பு என்ன செய்யும் என்று பார்த்திருக்கிறேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், பத்து வருஷமாகச் சுகருக்கு என்னிடம் வருபவர். ஒரு நாள் ரத்தச் சர்க்கரை எகிறிப்போய் வந்தார். மாத்திரை தவறவில்லை, நடை தவறவில்லை, சோறு கூடவில்லை. நானும் மண்டையைக் குடைந்தேன். கடைசியில் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். காப்பி சர்க்கரை நோய்க்கு நல்லது என்று வெள்ளிக்கிழமை இணைப்பில் வந்த துண்டு. அழகாக மடித்துவைத்திருந்தார். அதைப் படித்துவிட்டு இரண்டு டம்ளரை ஐந்தாக்கியிருந்தார். “சர்க்கரை எவ்வளவு சார்?” என்றேன். “அதெல்லாம் கம்மிதான் டாக்டர், ரெண்டே ஸ்பூன்.” ஒரு டம்ளருக்கு இரண்டு. ஐந்து டம்ளருக்குப் பத்து ஸ்பூன்!

அன்று மாலை வீட்டில் என் காப்பியையே தராசில் வைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர் 120 மில்லி பிடிக்கும். அதில் டிகாக்‌ஷன் கால் பங்கு இருந்தால் அதிகம். மிச்சமெல்லாம் பால். அடியில் கரையாமல் தங்கிய சர்க்கரையை ஸ்பூனால் வழித்துச் சாப்பிடுகிற பழக்கம் எனக்கும் உண்டு. ஒரு ஸ்பூன் சர்க்கரை நாலைந்து கிராம். உலக சுகாதார நிறுவனம், ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரையை 25 கிராமுக்குள், அதாவது ஆறு ஸ்பூனுக்குள், வைத்துக்கொண்டால் நல்லது என்கிறது. இனிப்பு, பிஸ்கட், பழரசம் எல்லாம் அந்த ஆறுக்குள் அடக்கம். நம் ஆசிரியர் ஐயா காப்பியிலேயே அதைத் தாண்டிவிட்டார்.

இப்போது அந்த வெளிநாட்டு ஆய்வுகளைத் திரும்பப் பாருங்கள். அவர்கள் ‘ஒரு கோப்பை’ என்று எழுதுவது பெரும்பாலும் நீர்க்கக் காய்ச்சிய கறுப்புக் காப்பி, அல்லது ஒரு சொட்டுப் பால் விட்டது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2025-ல், 46,000 பேரின் கணக்கை எடுத்து, காப்பியில் என்ன கலந்தார்கள் என்றும் பார்த்தார்கள். கறுப்பாகவோ, மிகக் குறைந்த சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்தோ குடித்தவர்களுக்கு மரண ஆபத்து 14 சதவீதம் குறைவு. நிறையச் சர்க்கரையும் கிரீமும் சேர்த்தவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. ‘மிகக் குறைந்த சர்க்கரை’ என்று அவர்கள் வைத்த வரம்பு, 240 மில்லிக் கோப்பைக்கு இரண்டரை கிராம். அரை ஸ்பூன்! நம் 120 மில்லி டம்ளரில் இரண்டு ஸ்பூன் போட்டால், அவர்கள் வரம்பைவிட ஆறு மடங்குக்கும் மேலான தித்திப்பு. பிரிட்டன் மக்களின் கணக்கை வைத்து 2022-ல் வந்த இன்னொரு ஆய்வு, ஒரு ஸ்பூன் அளவு போட்டவர்களுக்கும் பலன் இருந்தது என்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் ஒரு ஸ்பூன், அதுவும் பெரிய கோப்பைக்கு.

ஒரு காலத்தில் சிகரெட் செய்த குற்றம் காப்பியின் பேரில் எழுதப்பட்டது. இப்போது காப்பிக்கு நல்ல பேர் வந்திருக்கிறது. அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு சர்க்கரை வீட்டுக்குள் வருகிறது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. அவர்கள் எல்லோரும் காப்பியால் நோயாளி ஆனவர்கள் இல்லை. ஆனால் காப்பியை நம்பி சர்க்கரை குடிக்க அவர்களுக்கு இடமில்லை.

பொடியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பொட்டலத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு கணக்கு இருக்கும். 80:20, 60:40 என்று. இரண்டாவது எண் சிக்கரி. அது ஒரு செடியின் வறுத்த வேர். நெப்போலியன் காலத்தில் கடல் வழி அடைபட்டுக் காப்பி கிடைக்காமல்போனபோது பிரெஞ்சுக்காரர்களிடம் பரவியது. நம் நாட்டில் குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. விஷமில்லை. டிகாக்‌ஷனுக்கு நிறமும் கனமும் தரும். கள்ளிச்சொட்டு மாதிரி இறங்குகிறதே என்று நாம் மெச்சுவதில் பாதி அதன் கைவரிசை. ஆனால் அதில் காஃபீன் கிடையாது. கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். அந்த விளிம்பில் நிற்கிற பொடியை வாங்கிவிட்டு, ஆய்வில் சொன்ன பலனை முழுசாக எதிர்பார்ப்பது, பாதி டிக்கெட் எடுத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர நினைப்பதுதான்.

கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர்களுக்கு ஒரு சேதி. காப்பிக்கொட்டையின் எண்ணெயில் கஃபெஸ்டால் என்றொரு பொருள் இருக்கிறது. அது கெட்ட கொழுப்பை ஏற்றும். நார்வேயில் பொடியைத் தண்ணீரிலேயே கொதிக்கவிட்டு வடிகட்டாமல் குடித்தவர்களுக்குக் கொலஸ்ட்ரால் கூடியிருந்ததைத் துருவிக்கொண்டு போனபோது அகப்பட்டது. தாள் ஃபில்டர் அதைப் பிடித்துக்கொள்ளும். 1908-ல் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து இல்லத்தரசி மெலிட்டா பென்ட்ஸ், மகனின் பள்ளி நோட்டிலிருந்த மையொற்றும் தாளைக் கிழித்து, ஓட்டை போட்ட பித்தளைப் பாத்திரத்தில் வைத்து வடித்ததுதான் அந்தத் தாளின் பிறப்பு. அந்த அம்மாவுக்குத் தேவைப்பட்டது வண்டல் இல்லாத காப்பி. நம் ஃபில்டரின் ஓட்டைத் தட்டு தாள் செய்கிற வேலையைச் செய்யாது. ஒன்றிரண்டு டம்ளர் குடிப்பவர் இதற்காகக் கவலைப்பட வேண்டாம். கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு ஐந்தாறு டம்ளர் குடிப்பவர் தன் டாக்டரிடம் இதைப் பேச வேண்டும்.

டவராவுக்கு மட்டும் என் முழு ஆதரவு. காப்பியைப் புற்றுநோய்ப் பட்டியலிலிருந்து எடுத்த அதே அறிஞர்கள் 2016-ல், 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கிற எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்றார்கள். குற்றம் சூட்டின் மேல்தான், காப்பியின் மேல் இல்லை. நாலு தடவை ஆற்றிக் குடிப்பவருக்கு அந்தப் பயம் வேண்டாம்.

இப்போது பெண்கள் பக்கம் திரும்புகிறேன். நான் இன்று வந்ததே இதற்காகத்தான்.

முப்பத்தைந்து வயசு அம்மா ஒருவர். மூச்சு வாங்குகிறது, மாடி ஏற முடியவில்லை. ஹீமோகுளோபின் எட்டு. இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தேன். மூன்று மாசம் கழித்து எட்டரை. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார், அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். “எப்பம்மா போட்டுக்கிறீங்க?” என்றேன். “காலையில காப்பியோடதான் டாக்டர். அப்பதான் மறக்காம இருக்கும்.” அவர் காலையை அப்புறம் விசாரித்தேன். ஐந்தரைக்கு முதல் காப்பி. பிள்ளைகளுக்கு டிபன், கணவருக்குச் சாப்பாட்டுக் கூடை. எட்டரைக்கு அடுப்படியில் நின்றபடி இரண்டாவது காப்பி. அதோடு பசி அடங்கிவிடும். இட்லி பதினொன்றரைக்கு மிச்சமிருந்தால் உண்டு. சாப்பிட்ட கையோடு இன்னொரு அரை டம்ளர்.

காப்பியில் உள்ள பொருள்கள் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், குடல் உறிஞ்ச விடாது. 1983-ல் அமெரிக்காவில் அளந்தார்கள். சாப்பாட்டோடு ஒரு கோப்பை காப்பி குடித்தால் இரும்பு ஏறுவது 39 சதவீதம் குறைகிறது. தேநீர் இன்னும் மோசம், 64 சதவீதம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தாலும் அதே குறைவு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்தால் பாதிப்பில்லை. அவர்கள் சாப்பிட்டது இறைச்சி. பருப்பிலும் கீரையிலும் கேழ்வரகிலும் இருக்கிற இரும்பு அதைவிடச் சிரமப்பட்டு ஏறுகிற வகை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53 சதவீதம் பேருக்கு, ரத்தசோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்குக் காப்பி, டீ வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு நான் மாத்திரையை மாற்றவில்லை. ராத்திரி படுக்கப்போகும்போது, எலுமிச்சம்பழத் தண்ணீரோடு போடச் சொன்னேன். அடுத்த மூன்று மாசத்தில் பத்தைத் தாண்டினார்.

வீட்டில் யாராவது இரும்பு மாத்திரை சாப்பிட்டால், இன்றே போய், எதோடு விழுங்குகிறார்கள் என்று பாருங்கள். கர்ப்பிணிகள் இருந்தால் காப்பியின் அளவையும் பாருங்கள். 150 மில்லி ஃபில்டர் காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். கர்ப்ப காலத்தில் ஒரு நாளைக்கு 200-க்கு மேல் வேண்டாம் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பின் கணக்கு. மற்றவர்களுக்கு 300-க்குள் என்கிறது நம் ஊட்டச்சத்து நிறுவனம். கர்ப்ப காலத்தில் காஃபீன் உடம்பைவிட்டு இறங்க மும்மடங்கு நேரம்கூட ஆகும்.

சாதாரண உடம்பில் உள்ளே போன காஃபீனில் பாதி இறங்கவே ஐந்து மணி நேரம் பிடிக்கும். தூக்கம் வரச்சொல்லி மூளையைத் தட்டுகிற அடினோசின் என்ற பொருளின் நாற்காலியில் காஃபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் நூறு பேருக்குத் தினமும் செல்பேசியில் செய்தி அனுப்பி, இன்று காப்பி குடி, இன்று குடிக்காதே என்று சொல்லி இரண்டு வாரம் அளந்தார்கள். குடித்த நாளில் ஆயிரம் அடி கூடுதலாக நடந்தார்கள், 36 நிமிஷம் குறைவாகத் தூங்கினார்கள். காலையில் மட்டும் குடிப்பவர்களுக்கு இதய நோய் மரணம் குறைவு, நாள் முழுக்கக் குடிப்பவர்களுக்கு அந்தப் பலன் இல்லை என்று 2025-ல் ஓர் அமெரிக்க ஆய்வும் வந்திருக்கிறது.

இப்போது மணி ஆறரை. வெளியே காப்பி தயாராக இருப்பதாகச் செயலாளர் சைகை காட்டுகிறார். எனக்கு வேண்டாம், காலையிலேயே இரண்டு ஆயிற்று. குடிப்பவர்களுக்காக ஓர் ஏற்பாடு செய்திருக்கிறேன். சர்க்கரையைக் காப்பியில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வைக்கச் சொன்னேன். முதல் வாய் குடித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் வேண்டுமானால் கிண்ணத்துப் பக்கம் போங்கள்.